நாற்காலியில் இருந்தவன்

லிஃப்ட்டில் யாராவது மாட்டிக்கொண்டு போன் செய்தால், முதலில் ஒரு பொய் சொல்ல வேண்டும். லிஃப்ட் ரிப்பேர் வேலைக்குச் சேருகிறவர்களுக்கு ஸ்பேனர் பிடிக்கக் கற்றுக்கொடுக்கும் முன்பே இதைக் கற்றுக்கொடுத்துவிடுவார்கள். ஆள் ஊரின் அந்தக் கோடியில் சிக்னலில் நின்று முழித்துக்கொண்டிருந்தாலும் சரி, "பக்கத்துலதான் இருக்கேன், இதோ வந்துட்டேன்" என்று சொல்லிவிட வேண்டும். உள்ளே இருப்பவர் அதை நம்பி மூச்சை ஒழுங்காக விடுவார். கதவை நெம்பிக்கொண்டு வெளியே குதிக்கத் துணிய மாட்டார். சின்னவன் இந்தப் பொய்யைப் பல வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். யாரும் சண்டைக்கு வந்ததில்லை. கதவு திறந்ததும் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் போனார்கள்.

அப்படிப்பட்டவனை அவன் அண்ணன் எழுதிய கதை ஒன்று படுத்திய பாடு கொஞ்சநஞ்சமல்ல.

வீட்டில் இரண்டே பிள்ளைகள். பெரியவன், சின்னவன் என்று கூப்பிட்டுப் பழகிவிட்டது. இருவருக்கும் தலை நரைத்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. பெரியவன் எழுத்தாளன். நாலு பேர் மதிக்கிற எழுத்தாளன் என்றே சொல்லலாம். சின்னவன் புத்தகத்தைத் திறந்த உடனே கொட்டாவி விடுகிற ரகம். "ஒருத்தன் ஆகாசத்துலயே இருக்கான், இன்னொருத்தன் ஏறி ஏறி இறங்கிட்டே இருக்கான். தரையில நிக்கறதுக்கு எனக்கு ஒரு பிள்ளை இல்ல" என்று அப்பா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் கேலி செய்வார்.

அந்த அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்த கடைசி நாளில் பக்கத்தில் இருந்தது சின்னவன்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போகப் போக உங்களுக்கே சந்தேகம் வந்துவிடும்.

அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து, காலில் மாவுக்கட்டோடு வீட்டில் படுத்திருந்தாள். பெரியவன் வெளியூரில் ஏதோ கூட்டத்தில் பேசப் போயிருந்தான். "கிளம்பிட்டேன், கிளம்பிட்டேன்" என்று போனில் சொன்னானே தவிர வந்து சேரவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதில் ஒரு கால் வளைந்திருந்ததால், உட்கார்ந்தால் இடப்பக்கம் சாயும். விடிந்ததிலிருந்து சின்னவன் அதில் சாய்ந்தபடியே உட்கார்ந்து அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தான். வார்டுக்கு நேர் எதிரே லிஃப்ட். கதவு திறக்கும்போதெல்லாம் கிறீச் என்று ஒரு சத்தம். உடனே அப்பா கண்ணைத் திறந்து, "பெரியவன் வந்துட்டானா?" என்பார்.

"வந்துட்டிருக்கான்பா."

லிஃப்ட் கதவு மூடும். அப்பாவின் கண்ணும் மூடும். அந்தக் கதவின் உருளையில் துளி எண்ணெய் விட்டால் சத்தம் நின்றுவிடும் என்று சின்னவனுக்குத் தெரியும். கையை விட்டுவிட்டு எழுந்து போக அவனுக்கு மனசு வரவில்லை. சாயங்காலத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் அவன் சொன்னது ஒரே வரி. "கஷ்டப்படாம போனார்மா, நான் கூடவே இருந்தேன்." அதற்கு மேல் சொன்னால் அவள் தாங்கமாட்டாள் என்று பயம். சொந்தக்காரர்கள் எல்லாரும் கிளம்பிப் போன பிறகு, மாடிப்படியில் அண்ணனும் தம்பியும் தனியாக உட்கார்ந்தபோது பெரியவன் கேட்டான். சும்மா கேட்கவில்லை, துருவித் துருவிக் கேட்டான். நாற்காலி எப்படி இருந்தது, கை சூடாக இருந்ததா, யாரைக் கேட்டார், எத்தனை தடவை கேட்டார். சின்னவன் ஒன்றுவிடாமல் சொன்னான். இல்லை, ஒன்றை மட்டும் விட்டுவிட்டுச் சொன்னான். அந்த ஒன்றை அவன் யாரிடமும் சொன்னதில்லை. பெரியவன் முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான். கூடப்பிறந்தவன் அப்படி அழுதால் யாரால் சும்மா இருக்க முடியும்? சின்னவனும் அழுதான்.

சில வருஷம் கழித்து நாவல் வந்தது.

"நான்" என்று சொல்லிக்கொண்டு போகிற நாவல். அப்பா இருக்கிறார், அவருடைய ஆகாசக் கேலி இருக்கிறது. அம்மாவின் மாவுக்கட்டு இருக்கிறது. இடப்பக்கம் சாயும் பிளாஸ்டிக் நாற்காலி இருக்கிறது. அந்த நாற்காலியில் உட்கார்ந்து அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டிருப்பது மட்டும் கதை சொல்லும் "நான்", அதாவது மூத்த மகன். இளைய மகன், நகக்கண்ணில் கிரீஸோடு அலையும் லிஃப்ட் ரிப்பேர்காரன், அப்பா சாவதைப் பார்க்கப் பயந்து பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து டீ மேல் டீயாகக் குடித்துக்கொண்டிருக்கிறான். லிஃப்ட் கதவு திறக்கும்போதெல்லாம் அப்பா கேட்கிறார்: "சின்னவன் வந்துட்டானா?"

முதலில் படித்தது சின்னவனின் மனைவி. புத்தகத்தில் விரலை வைத்து மூடிக்கொண்டு அவன் முன்னால் வந்து நின்றாள்.

"ஏங்க, அன்னிக்கு நீங்க ஆஸ்பத்திரியிலதானே இருந்தீங்க?"

"மத்தியானம் பிளாஸ்க்ல வெந்நீர் கொண்டுவந்து என் கையில குடுத்தது யாரு?"

"நான்தான்." விரல் வைத்திருந்த பக்கத்தை மறுபடி திறந்து பார்த்தாள். "இருந்தாலும் படிக்கறப்போ அப்படியே நடந்த மாதிரி இருக்குங்க."

கட்டிய மனைவியே இப்படிச் சொன்னால் ஊரைக் குறை சொல்லி என்ன பிரயோஜனம்? சின்னவன் சட்டையைக்கூட மாற்றாமல் அண்ணன் வீட்டுக்குப் போனான். பெரியவனின் அறையில் உட்கார இடமில்லை, நாற்காலியெல்லாம் புத்தகம். நின்றுகொண்டே கேட்டான்.

"ஏண்ணா இப்படிப் பண்ணினே?"

"கதைடா அது" என்றான் பெரியவன், காய்ச்சல்காரனைத் தடவிக்கொடுக்கிற குரலில். "நடந்ததை நடந்தபடியே எழுதினா அது கோர்ட்டுல சாட்சி சொல்றது. நடக்காததை எழுதித்தான் நடந்ததோட வலியைத் தொட முடியும். கதைன்னா அதுதான்."

"வலியைத் தொட்டே, சரி. யாரோட வலின்னு பாத்தியா?"

பெரியவன் பேனாவைத் திறந்தான், மூடினான். பிறகு அவன் குரல் இறங்கிவிட்டது.

"பஸ் ஸ்டாண்டுல உக்காந்திருந்தது நான்தான்டா. கூட்டம் காலையிலயே முடிஞ்சிருச்சு. பஸ் வந்துது, போச்சு, அடுத்தது வந்துது, போச்சு. எனக்குக் கால் எழும்பலை. அந்த நாற்காலில ஒரு தடவையாவது உக்காரணும்னு இத்தனை வருஷமா தவிச்சேன். இனிமே நான் எங்க போய் உக்காருவேன்? எழுதினாத்தான் உக்கார முடியும்."

"என்னை எழுப்பிவிட்டுட்டு உக்காந்தா எப்படிண்ணா?"

"இருந்தது ஒரு நாற்காலிதானேடா."

கோபமாக வந்தவன் அதைக் கேட்டுவிட்டு என்ன செய்வான்? அண்ணனின் கண் கலங்கியிருந்தது. பாவம் என்று தோன்றிவிட்டது. பாவம் பார்க்கிற இடத்தில் சண்டை போட முடியாது. அண்ணி கொடுத்த டீயைக் குடித்துவிட்டுத் திரும்பி வந்தான்.

பெரியவன் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்லக்கூடாது. அடுத்த பதிப்பில், முதல் பக்கத்திலேயே, "இதில் வரும் மனிதர்களும் சம்பவங்களும் முழுக்கக் கற்பனையே" என்று கொட்டை எழுத்தில் போடச் சொன்னான். எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்றால் ஊருக்குப் புரியாதா? அதுவரை சந்தேகப்பட்டவர்களுக்கும் அன்றோடு சந்தேகம் தீர்ந்தது.

பிறகு ஒரு பத்திரிகை கேட்டதென்று நாவலின் அந்த அத்தியாயத்தைச் சிறுகதையாகச் சுருக்கினான். நாவலில் தம்பியின் பயத்தைப் புரிந்துகொண்டு "நான்" உருகுகிற இரண்டு பக்கம் இருந்தது. அதை நம்பித்தான் சின்னவன் ஓரளவு ஆறுதலாக இருந்தான். சிறுகதையில் அது காணவில்லை. "சிறுகதைல அதுக்கெல்லாம் இடம் கிடையாதுடா, ஒரே மூச்சுல முடியணும்" என்றான் பெரியவன். அடுத்து ஒரு குழு அதை நாடகமாகப் போட்டது. மேடையில் ஒருவன் சும்மா உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தால் ஜனங்கள் எழுந்து போய்விடுவார்களாம். அதனால் தம்பி பாத்திரம் சீட்டியடித்தது, போனில் யாரிடமோ சிரித்துப் பேசியது. அண்ணன் கூப்பிட்டானே என்று போய் உட்கார்ந்திருந்த சின்னவனிடம் பக்கத்து இருக்கைக்காரர் குனிந்து, "இவனெல்லாம் ஒரு பிள்ளையா சார்?" என்றார். சின்னவன் மரியாதைக்குத் தலையாட்டிவைத்தான்.

வேலை செய்கிற இடத்திலும் அது துரத்தியது. பல வருஷமாக அவன் பராமரித்துவந்த அடுக்குமாடிக் கட்டடத்தின் செயலாளர், லிஃப்ட் நின்றுபோன ஒரு நாள் போனிலேயே சிரித்தார். "வர்றேன்னு சொல்லிட்டு பஸ் ஸ்டாண்டுல உக்காந்துடாதீங்க." அவரோடு உள்ளே மாட்டியிருந்தவர்களும் சிரித்தது போனில் கேட்டது. அன்று சின்னவன் நிஜமாகவே பக்கத்துத் தெருவில்தான் இருந்தான்.

அவன் முகம் வாடியதைப் பார்த்துப் பெரியவன் பரிகாரமாக இன்னொரு கதை எழுதினான். அதில் தம்பி தங்கமான மனுஷன். எல்லாருக்கும் ஓடி ஓடி உதவுகிறான். படித்தவர்கள் உருகிப்போனார்கள். "அப்படிப்பட்ட தம்பியையும் மன்னிச்சு இப்படி எழுதியிருக்காரே, என்ன மனசு!" என்று பெரியவனுக்கு ஒரு பாராட்டு விழாவே நடந்தது. சேற்றில் மாட்டியவனை இழுக்கப் போய் இன்னும் அழுத்திவிட்ட கதைதான். அதற்குப் பிறகு சின்னவன் அண்ணனிடம் எதையும் கேட்கவில்லை. கேட்டால் இன்னொன்று எழுதிவிடுவான்.

ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? யார் எதை நம்பினால் என்ன என்று சின்னவன் தேற்றிக்கொண்டான். அம்மா ஒருத்திக்குத் தெரியும். அவள் ஒருத்திக்குத் தெரிந்திருந்தால் போதும். பட்ட அவமானமெல்லாம் அந்த ஒரு எண்ணத்தின் மேல்தான் நின்றுகொண்டிருந்தது.

அம்மா அவன் வீட்டில்தான் இருந்தாள். வயசு ஆக ஆக ஞாபகம் நைந்துகொண்டே வந்தது. காலையில் சாப்பிட்டதை மத்தியானம் மறந்தாள், மருமகளை நர்ஸ் என்றாள். கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போவதால் பகலில் அவளைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண் வந்தாள். பகலில் மட்டும் வருவதால் அவளுக்குப் பகலக்கா என்று பெயர். நல்ல மனுஷி. கிழவி பேச்சுத்துணை இல்லாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறாளே என்று, அலமாரியிலிருந்து பெரியவனின் நாவலை எடுத்து உரக்கப் படித்துக் காட்ட ஆரம்பித்தாள். பெற்ற பிள்ளை எழுதியதைக் கேட்டால் சந்தோஷப்படுவாள் என்ற நல்ல எண்ணம்தான், வேறென்ன?

முதல் தடவை அந்த அத்தியாயம் வந்தபோது அம்மா கையை உயர்த்தி நிறுத்தினாளாம். "இது தப்பு. கூட இருந்தது சின்னவன். பெரியவன் மாத்தி எழுதிட்டான்" என்றாளாம். பகலக்கா சாயங்காலம் இதைச் சிரித்துக்கொண்டே சொன்னபோது, சின்னவன் திரும்பி நின்று முகத்தைக் கழுவிக்கொண்டான்.

ஆனால் அம்மா மறுநாளும் அதே அத்தியாயத்தைப் படிக்கச் சொன்னாள். அதற்கு மறுநாளும் அதையே. அப்பாவின் கடைசி நாளைப் பற்றி அவளுக்குக் கிடைத்திருந்தது சின்னவன் சொன்ன ஒரு வரிதான். இங்கேயோ அவர் பேசுகிறார், கேலி செய்கிறார், தண்ணீர் கேட்கிறார், கை சூடாக இருக்கிறது. எந்தப் பெண்தான் திரும்பக் கேட்க மாட்டாள்? கொஞ்ச நாளில் "இது தப்பு" என்பது "அப்படியா நடந்தது?" என்றாகியது. பிறகு அந்தக் கேள்வியும் நின்றுபோனது. சின்னவன் அறைக்குள் வந்தால் சில நாள் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பயந்துபோய் மனைவி புத்தகத்தை ஒளித்துவைத்தாள். அம்மா இரண்டு நாள் அழுதாள். "அவர் இருக்கிற புத்தகம் எங்கே? அவரை எங்கே கொண்டுபோய் வச்சீங்க?" என்று கேட்டாள். சின்னவனே அதைத் தேடி எடுத்து அவள் தலைமாட்டில் வைத்தான்.

ஒரு விடுமுறை நாள் மத்தியானம், இனியும் தாமதித்தால் ஒன்றுமே மிஞ்சாது என்று அவனுக்குத் தோன்றிவிட்டது. பகலக்கா வாசல்படியில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவன் அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"அம்மா, அப்பாகூட அன்னிக்கு இருந்தது நான்மா. ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. உக்காந்தா இடப்பக்கம் சாயும்."

"ஆமா, புத்தகத்துல வருதே" என்றாள் அம்மா சந்தோஷமாக. "நீயும் படிச்சியா?"

"படிக்கலைம்மா. நான் இருந்தேன். எதிர்ல லிஃப்ட். அது திறக்கறப்போ எல்லாம்..."

"கிறீச்சுனு சத்தம் வரும். அவர் கண்ணைத் திறப்பார்" என்று அம்மாவே முடித்தாள். நாவலில் இருந்த வார்த்தைகள் ஒன்றுகூடப் பிசகவில்லை. அவன் எதைச் சொன்னாலும் அண்ணன் அதை ஏற்கெனவே எழுதிவைத்துவிட்டிருந்தான். தன் வாழ்க்கையைத் தானே திருடிவந்து சொல்கிறவன்போல் அவன் திணறினான்.

அண்ணனிடம் சொல்லாமல் விட்ட அந்த ஒன்று மட்டும்தான் பாக்கி. அது எந்தப் பக்கத்திலும் இல்லை. அதைச் சொன்னால் அவள் நம்பித்தான் ஆகவேண்டும்.

"கடைசியில என்ன நடந்ததுன்னு நான் யாருக்கும் சொன்னதில்லைம்மா. சாயங்காலம் லிஃப்ட் கதவு திறந்துது. அப்பா கண்ணைத் திறந்து அந்தப் பக்கம் பாக்காம என்னைப் பாத்தார். ரொம்ப நேரம் பாத்தார். 'பெரியவனே, வந்துட்டியா?'ன்னார்."

அம்மா தலையணையிலிருந்து தலையைத் தூக்கினாள்.

"எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியலை. 'வந்துட்டேன்பா'ன்னேன். அவர் சிரிச்சார்மா. கையை இறுக்கிப் பிடிச்சார். அதுக்கப்புறம் லிஃப்ட் பக்கம் திரும்பவே இல்லை."

நாவல், சிறுகதை, நாடகம் என்று பெரியவன் எத்தனையோ எழுதினான். ஆனால் அந்தக் குடும்பத்தில் முதலில் கதை கட்டியது சின்னவன்தான். ஒரே ஒரு சொல்லில் கட்டினான், கேட்ட ஒரே ஆள் அதை நம்பிவிட்டு நிம்மதியாகப் போய்ச் சேர்ந்தார். தம்பி இருந்த நாற்காலியில் அண்ணன் உட்காருவதற்கு முன்பே, அண்ணன் பெயரில் தம்பி உட்கார்ந்தாகிவிட்டது.

புத்தகத்தில் இல்லாத ஒன்று அம்மாவின் காதில் விழுந்தது. அவள் கண் பளிச்சென்று ஆனது. எத்தனையோ மாதம் கழித்து, அந்தக் கண் அவனை உற்றுப் பார்த்தது.

"பாத்தியா!" என்றாள் அம்மா. "அவரே சொல்லியிருக்கார். பெரியவன்தான் கூட இருந்திருக்கான்."

கையில் இருந்த ஒரே சாட்சியும் எதிர்க்கட்சிக்குப் போய்விட்டது. அம்மா போர்வைக்குள்ளிருந்து கையை நீட்டித் தடவி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பெரியவனே" என்றாள் அவனை. "நீ இருந்தியே, அது போதும்டா எனக்கு. உன் அப்பா தனியாப் போகலை. நீ நல்லாயிருக்கணும்."

காலமெல்லாம் அவன் காத்திருந்த வார்த்தை அதுதான். சேரவேண்டிய கையைப் பிடித்துக்கொண்டுதான் அவளும் சொன்னாள். பெயர் மட்டும்தான் வேறு.

"சின்னவனைத் திட்டாதேடா" என்று அம்மா தொடர்ந்தாள். "அவன் பயந்தாங்கொள்ளி. சின்ன வயசுலேருந்தே அப்படித்தான். அவன் வராததுக்கு எனக்கு வருத்தம் இருக்கு, இல்லேன்னு சொல்லலை. ஆனா கோபம் இல்ல. என்கிட்ட வரவே பயப்படறான் போல. அவனைப் பாத்தா சொல்லு."

வாசல்படியில் பகலக்கா மடித்த துணியை மடியிலேயே போட்டுவிட்டு எழுந்தாள். "அம்மா, இவருதாம்மா உங்க சின்ன..." என்று ஆரம்பித்தாள். சின்னவன் திரும்பிப் பார்த்து வேண்டாம் என்று தலையசைத்தான். மன்னித்து முடித்தவளை மறுபடியும் முதலிலிருந்து குழப்புவானேன்?

"சொல்றேம்மா" என்றான்.

"எங்க இருக்கான் அவன்?"

அம்மாவின் மூச்சு கொஞ்சம் வேகமாக வாங்கியது. மாட்டிக்கொண்டவர்களின் மூச்சு அப்படித்தான் இருக்கும், போனிலேயே கேட்டுப் பழகியவன் அவன். பல வருஷப் பழக்கம் வாயில் தானாக வந்தது.

"பக்கத்துலதான் இருக்கான்மா. இதோ வந்துடுவான்."

அம்மா அதை நம்பினாள். மூச்சு ஒழுங்குக்கு வந்தது. கையை விடாமலே கண்ணை மூடிக்கொண்டாள். சின்னவனும் கையை விடாமல் உட்கார்ந்திருந்தான். வெளியே யாரோ வாசல் கேட்டைத் திறந்தார்கள். அது கிறீச்சென்றது.

அம்மா கண்ணைத் திறந்தாள். அவனைத் தாண்டி வாசலைப் பார்த்தாள்.

"சின்னவன் வந்துட்டானா?"

"வந்துட்டிருக்கான்மா" என்றான்.